கொம்புப்பிடிக் கத்தியும் ஆவணிக் கலியாணமும்

சார்செல், பிரான்ஸ்
14.11.2010

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தவம் எழுதிறன். இஞ்சை நானும் அஜந்தாவும் சுகம். மகன் லவனும் சுகம்தான், ஆனால் கேட்டால் பிரெஞ்சிலைதான் சொல்லுவான். உங்கடை முழங்கால் எப்பிடி? என்ரை முழங்காலும் உங்கடை முழங்காலும் குளிர் வந்தால் கடிதம் போடாமலே ஒண்டையொண்டு விசாரிக்குதுகள். நாங்கள்தான் முத்திரை ஒட்டவேண்டிக் கிடக்கு. போன் எடுத்தால் "காத்திலை போற கதை" எண்டு வைச்சிடுறியள். பென்சன் எடுத்த பிறகும் தபாற்கந்தோர் உங்களை விடேல்லை.

முதலிலை மருமகளின்ரை கலியாணக் கதை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நானும் அஜந்தாவும் விண்ணப்பம் குடுத்தாச்சு. என்ரை அகதிப் பாஸ்போட்டிலை "இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளும்" எண்டு அடிச்சிருக்கு. நிலாவுக்கும் போகலாம், கோண்டாவிலுக்குப் போகேலாது. புதுப் பாஸ்போட் வந்ததும் நாங்கள் ரெண்டு பேரும் வந்து நிண்டு லக்ஷனாவைத் தாரை வார்த்துக் குடுப்பம். அத்தான் இல்லாத வீட்டிலை அது தாய்மாமன்ரை வேலை. அத்தான்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டு, சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேலியை அரையடி தள்ளிப்போட்ட அவற்றை தமையன் மகாலிங்கத்தார் அந்தச் செம்பைத் தொடக்கூடாது.

இனி என்ரை பெருமை. எங்கடை ரெஸ்ரோறன் முதலாளி மார்செல் எனக்கு ஒரு கத்தி தந்திருக்கிறார். பயப்பிடாதேங்கோ, மடக்குக்கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி. (அதாலை அஜந்தா சாமித்தட்டுப் பக்கம் கொண்டுபோக விடுறாள் இல்லை.) முதலாளி அவெய்ரோன் எண்ட மலைநாட்டு ஆள். அங்கை ஆம்பிளை எண்டால் பொக்கற்றுக்குள்ளை தன்ரை கத்தி இருக்கவேணுமாம். மேசையிலை அதை விரிச்சு, பாண் வெட்டி, இறைச்சி வெட்டி, கடைசியிலை பாண் துண்டிலை துடைச்சு மூடுவினம். வீட்டுக்காரன் கத்தியை மூடினால் சாப்பாடு முடிஞ்சுது. இவ்வளவு காலமும் தன்ரை குசினியிலை நான் வெந்ததுக்கு, "தவா, நீயும் எங்கடை ஆள்" எண்டு நீட்டினார்.

நீட்டினதிலைதான் வில்லங்கம். கத்தியை ஆரும் கைக்குக் கை வாங்குவினமோ? சண்டை வருமெல்லோ! "மேசையிலை வையுங்கோ, எடுக்கிறன்" எண்டன். எனக்கு வேண்டாமாக்கும் எண்டு அவருக்கு முகம் சிவந்திட்டுது. பிறகு மேசையிலை வைச்சிட்டு, "ஒரு சில்லறை தா" எண்டார். விக்கிறார் போல எண்டு நான் விலை கேட்டுப்போட்டன். அவையின்ரை ஊரிலை கத்தியைச் சும்மா குடுத்தால் உறவு வெட்டுப்படுமாம், அதுக்குத்தான் சில்லறை. ஒரு மாதிரி ரெண்டு ஊர்ச் சாத்திரமும் நிறைவேறிச்சு.

இப்ப மத்தியானத்திலை முதலாளிக்கு எதிரை இருந்து என்ரை கத்தியை விரிக்கிறன். அக்கா, இந்த நாட்டிலை எனக்கு இந்த நாட்டுக்காரன் மாதிரி இருக்கிறது அந்த நேரத்திலைதான். வண்டி வயிறு மேசையிலை முட்டுறது ஒண்டுதான் குறை.

மருமகளுக்கு மாமன்ரை அன்பு.
தவம்

*

கோண்டாவில்
05.12.2010

அன்புத் தம்பிக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. முத்திரையிலை சீல் அரைவாசிதான் விழுந்திருக்கு, உங்கத்தைத் தபாற்காரருக்குக் கை வருத்தம் போல. நானும் பிள்ளையும் சுகம். முழங்கால் கிடக்கு.

மாப்பிள்ளை பகுதி ஆவணியிலை வைப்பம் எண்டு கேட்டிச்சினம். நீ வருவாய் எண்டபடியால் ஓம் எண்டிட்டன். மகாலிங்கத்தார் நேற்று வந்து என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே, "தாரை வார்க்க ஆள் இருக்கோ, இல்லாட்டி நான் நிக்கட்டோ" எண்டார். "ஆள் இருக்கு, வேலிக்கு அங்காலை பாத்துப் போங்கோ" எண்டன்.

கத்தி என்னத்துக்கு? ரெஸ்ரோறனிலை கத்தி இல்லையோ? ஆசைக்குத் தந்தால் அலுமாரிக்குள்ளை வை. பொக்கற்றுக்குள்ளை என்ன இருக்கெண்டு ஆமிக்குக் காட்டிக் காட்டியே இஞ்சை சனம் களைச்சுப்போச்சு. நீ உங்கை போய் வலியக் கொண்டு திரியிறாய்.

அஜந்தாவைக் கேட்டதாய்ச் சொல்லு. லவன் தமிழிலை நாலு வரி எழுதினால் வாசிப்பன்.

அக்கா
சாரதாதேவி

*

சார்செல்
09.01.2011

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருச வாழ்த்துகள். இஞ்சை எல்லாரும் தும்மல் தடிமனோடை சுகம். குடியுரிமை நேர்காணல் முடிஞ்சுது. கேட்டவளுக்கு என்ரை பிரெஞ்சு பிடிச்சிட்டுது. "உங்கடை உச்சரிப்பு மலைநாட்டு ஆக்கள் மாதிரி இருக்கு" எண்டாள். முதலாளியிட்டைப் படிச்சால் வேறை எப்பிடி இருக்கும்!

நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் இஞ்சை எல்லாரும் கேக்கினம். சட்டைப்பையிலை கத்தி, ஏன், ஏன், ஏன். அஜந்தாவுக்கு "அப்பிள் வெட்ட" எண்டு சொன்னன். "முப்பது வருசம் பல்லாலை கடிச்சனீங்கள்தானே" எண்டாள். லவன் ஏதோ பிரெஞ்சிலை சொல்லித் தோளைக் குலுக்கினான், அதுக்கு மறுமொழி தேவையில்லை.

தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பலிலை ரெலிபோன் கடை வைச்சிருக்கிற ராதாகிருஷ்ணனைத் தெரியுமெல்லோ, ஊர்க்கதைக்கு மொத்த வியாபாரி. அவன் என்ரை பொக்கற்றைத் தட்டிப் பாத்திட்டு, "உது ஆருக்கு அண்ணை?" எண்டான். "நாக்கு நீளமான ஆக்களுக்கு" எண்டன். பகிடியாய்ச் சொன்னனான். பின்னேரத்துக்குள்ளை தவமண்ணை குறூப்பிலை சேர்ந்திட்டார் எண்டு மெத்ரோப் பாலம் வரைக்கும் பரவிட்டுது. அக்கா, நினைச்சுப் பாருங்கோ: மீசைக்கு மை, முழங்காலுக்குத் தைலம், நான் சண்டைக் குறூப்பிலை! ஆனால் ஒண்டு, மூலையிலை நிக்கிற பெடியள் இப்ப எழும்பி வழி விடுறாங்கள். மரக்கறிக் கடையிலை கறிவேப்பிலை சும்மா கிடைக்குது.

மேல்மாடி ரொபேர் அய்யாவும் கேட்டவர். பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகத்திலை இருந்து ஓய்வெடுத்தவர். நான் அவெய்ரோன் கதை முழுக்கச் சொல்லி முடிக்கும் மட்டும் பொறுமையாய்க் கேட்டிட்டு, "மிஸியே தவம், உங்க பத்ரோன் வச்சிருந்தா அது அவங்க ஊர்ப் பழக்கம். நீங்க வச்சிருந்தா அது தொசியே. வீட்ல வச்சுட்டுப் போங்க" எண்டார். மிஸியே எண்டால் ஐயா, பத்ரோன் எண்டால் முதலாளி, தொசியே எண்டால் கோப்பு. வாழ்க்கை முழுக்கக் கோப்பைக் கட்டி அழுத மனிசன், அவருக்குக் கனவிலும் கோப்புத்தான். "அப்ப நான் எங்கத்தை ஆள்?" எண்டு கேட்டன். மின்தூக்கி வந்திட்டுது, ஏறிப் போயிட்டார்.

எனக்கு எரிச்சல் என்னெண்டால், ஒருத்தரும் முதலாளியிட்டைக் கேக்கினம் இல்லை.

உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ.
தவம்

*

கோண்டாவில்
30.01.2011

அன்புத் தம்பிக்கு,

சுகம். மழை விட்டிட்டுது. லக்ஷனாவுக்குக் கூறைச்சீலை எடுக்க இனித்தான் போகவேணும்.

நாக்கு நீளமான ஆக்களுக்குக் கத்தி எண்டால் முதல் வெட்டு உனக்குத்தான். சின்னனிலை வாத்தியார் "ஏன் பிந்தி வந்தனீ" எண்டு கேக்க, "நீங்கள் வெள்ளெனத் தொடங்கிப்போட்டியள்" எண்டு சொல்லி அடி வாங்கினதை நான் மறக்கேல்லை. அந்தப் பாண்டிச்சேரி மனிசன் சொல்லுறதைக் கேள்.

பாஸ்போட் எப்ப வரும் எண்டதை மட்டும் எழுது. பகிடி வேண்டாம். ஐயருக்கு நாள் சொல்லவேணும்.

அக்கா

*

சார்செல்
20.03.2011

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், நீங்களும் சுகமாயிருக்கவேணும். எழுதச் சுணங்கினதுக்கு ஒரு கதை இருக்கு.

போன கிழமை வேலைக்குப் போக ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலிலை இறங்கிறன். பொலிஸ் நிக்குது. வெள்ளைக்காரர் எல்லாரும் போகினம், என்னை மட்டும் மறிச்சு, பொக்கற்றைக் காட்டட்டாம். காட்டினன். "ஏன் கத்தி?" எண்டான். அவெய்ரோன், பாண், இறைச்சி எல்லாம் சொன்னன். அவன் என்ரை மூஞ்சையைப் பாத்தான், கத்தியைப் பாத்தான். ரெண்டும் அவனுக்குப் பொருந்தேல்லை.

கத்தியைப் பறிச்சிட்டாங்கள். அவ்வளவுதான். விட்டிட்டாங்கள்.

பகிடி இனித்தான். முதலாளி எனக்காகச் சாட்சி சொல்ல பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிச்சினம். நேரம் போகுது, அவருக்குப் பசி. கோட்டுக்குள்ளையிருந்து ஒரு அப்பிளை எடுத்தார். மற்றப் பக்கத்தாலை கத்தியை எடுத்தார். என்ரை கத்தியின்ரை சொந்த அண்ணன், அதைவிட ரெண்டு விரல் நீளம். பொலிஸ் நிலையத்துக்குள்ளை, நடுக் கதிரையிலை இருந்து, தோல் அறாமல் சுத்திச் சுத்தி உரிச்சார். பக்கத்தாலை போன பொலிஸ்காரி "பொன் அப்பெத்தி" எண்டு சொல்லிப்போட்டுப் போறாள், நல்லாய்ச் சாப்பிடுங்கோ எண்டு! நான் கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். சிரிக்கிறதோ கத்துறதோ எண்டு தெரியேல்லை.

எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தவர். நல்ல அப்பிள்.

தவம்

*

கோண்டாவில்
10.04.2011

தம்பிக்கு,

சித்திரை வருசம் பிறக்குது. எல்லாருக்கும் வாழ்த்து.

விட்டிட்டாங்கள் எண்டு ஒரு வரி. பிறகு கண்ணாடிக்குப் பின்னாலை இருந்தனான் எண்டு இன்னொரு வரி. விட்ட ஆள் ஏன் கண்ணாடிக்குப் பின்னாலை? நான் காலமெல்லாம் கடிதம் தரம் பிரிச்சவள், ரெண்டு வரிக்கு நடுவிலை என்ன விழுந்துபோச்செண்டு எனக்குத் தெரியும்.

ஆவணி மூன்றாம் கிழமை நாள் வைச்சாச்சு. மண்டபம் பிடிச்சாச்சு. பாஸ்போட் எப்ப?

அக்கா

*

கோண்டாவில்
15.06.2011

தம்பிக்கு,

நான் எழுதி ரெண்டு மாசமாய் மறுமொழிக் கடிதம் இல்லை. தபாலிலை துலைஞ்சதெண்டு சொல்லாதை, துலையிறேல்லை.

மகாலிங்கத்தார் பட்டுவேட்டி எடுத்திட்டாராம்.

அக்கா

*

சார்செல்
26.06.2011

அன்புள்ள அக்காவுக்கு,

கோவிக்காதேங்கோ, வேலை கூட. இஞ்சை வெயில் எண்டால் வெயில். ராதாகிருஷ்ணன் தலைக்குப் புதுசாய் மை பூசி, அது வழிஞ்சு கழுத்தெல்லாம் கறுப்பு. கடைக்கு வந்த ஒரு பிள்ளை பயந்து அழுதது. லவனுக்குச் சோதினை முடிஞ்சுது. ஸ்ட்ரோபெரி மலிஞ்சு போச்சு, அஜந்தா ஜாம் காய்ச்சினவள், அடிப்பிடிச்சிட்டுது, நல்லாய்த்தான் இருக்கு. உங்கை மாம்பழம் எப்பிடி?

மற்றது, அரசாங்க அலுவல் எண்டால் சுணங்கும்தானே. வரும்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பிறன்.
தவம்

*

சார்செல்
03.07.2011

அன்புள்ள மச்சாளுக்கு,

அஜந்தா எழுதிறன். நீங்கள் சுகமாயிருக்கவேணும். இவர் வேலைக்குப் போன பிறகு எழுதிறன், இருந்தால் பக்கத்திலை இருந்து பகிடி சொல்லிச் சொல்லி மறிப்பார்.

எனக்குக் குடியுரிமை வைகாசியிலையே வந்திட்டுது. இவருக்கு வரேல்லை. ரெண்டு வருசம் தள்ளி வைச்சிருக்கினம். 2013 வைகாசிக்குப் பிறகு திரும்ப விண்ணப்பம் குடுக்கட்டாம். காரணம் இல்லாமல் ஆயுதம் கொண்டு திரிஞ்சவர் எண்டு பொலிஸ் எழுதின எச்சரிக்கை, அவையின்ரை கோப்பிலை ஏறிட்டுது.

மச்சாள், கத்தியாலை மட்டும் வந்த வினை இல்லை. அந்தப் பொலிஸ்காரன் முதலிலை கத்தியைப் பறிச்சிட்டு, "இனிக் கொண்டு வராதை, போ" எண்டவனாம். போறத்துக்கு முன்னம் இன்னொருக்கா "உண்மையைச் சொல்லு, ஏன் கத்தி?" எண்டு கேட்டவன். அதுக்கு இவர், "நீங்கள் இடுப்பிலை பிஸ்ரல் கொண்டு திரியிறியள், நான் ஏனெண்டு கேட்டனானோ?" எண்டிருக்கிறார். வரிசையிலை நிண்டவை சிரிச்சிட்டினமாம். அதுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள்.

சனம் சிரிச்சது எண்டதை மட்டும் எனக்கு மூண்டு தரம் சொன்னவர். உங்களுக்குச் சொல்லத்தான் வாய் வரேல்லை. தள்ளி வைச்ச கடிதம் வந்த அண்டு இவர் சாப்பிடேல்லை. நான் ஏசவும் இல்லை, ஏசாமல் விடவும் இல்லை.

நான் ஆவணிக்கு வரலாம், ரிக்கற் பாத்திட்டன். ஆனால் தாரை வார்க்கச் சோடியாய் நிக்கவேணுமே, நான் தனிய வந்து என்ன செய்ய? நீங்கள்தான் சொல்லவேணும். நான் எழுதினதெண்டு இவருக்குச் சொல்லாதேங்கோ எண்டு எழுத நினைச்சனான். வேண்டாம், சொல்லுங்கோ.

அஜந்தா

*

கோண்டாவில்
22.07.2011

தம்பிக்கு,

நாங்கள் சுகம்.

கத்தியிலை எனக்குக் கோவம் இல்லை. அவன் கேட்ட கேள்வி பிழையெண்டும் எனக்குத் தெரியும். இஞ்சை இருந்த எங்களுக்குத் தெரியாததோ? அந்தக் கேள்விக்கு நாங்கள் "ஓம் ஐயா, இல்லை ஐயா" எண்டு சொல்லி வீட்டுக்கு வந்து சேந்தனாங்கள். வீட்டுக்கு வரவேணும் எண்டு நினைச்சனாங்கள். உனக்கு நாலு பேர் சிரிக்கவேணும்.

வைகாசியிலை தெரிஞ்சதை ஆனியிலும் எழுதாமல் எனக்கு ஜாம் காய்ச்சின கதை எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைப் பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டினனான்.

மகாலிங்கத்தார் நிக்கமாட்டார். அஜந்தா வரட்டும். மிச்சம் என்ரை பாடு.

சாரதாதேவி

*

கோண்டாவில்
18.09.2011

தம்பிக்கு,

சுகம். கலியாணம் முடிஞ்சுது. இதை அஜந்தாவின்ரை கையிலை தந்துவிட்டிருக்கலாம், ஆனால் முத்திரை ஒட்டினால்தான் எனக்குக் கடிதம்.

மணவறையிலை ஐயர், "தகப்பன் ஸ்தானத்திலை ஆர்?" எண்டு கேட்டார். "நான்" எண்டன். "தாய் ஸ்தானத்திலை?" "மாமி அஜந்தா." ஐயர் வாயைத் திறக்க முந்தி மகாலிங்கத்தார் புது வேட்டியோடை எழும்பிட்டார். "புருசன் இல்லாத நீயும், புருசன் வராத அவளும்! ரெண்டு பொம்பிளையள் தாரை வார்க்கிற கலியாணத்தை நான் ஒரு இடத்திலும் காணேல்லை" எண்டார். "இப்ப காணுவியள்தானே, முன்னுக்கு வந்து வடிவாய்ப் பாருங்கோ" எண்டன். சபையிலை ஆரோ சிரிச்சிச்சினம். சனத்தைச் சிரிக்க வைக்கிறது கெட்ட சாமான், நல்லாய்த்தான் இருந்தது.

பிறகும் அவர், "ஏன், ஆம்பிளை ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" எண்டு விடாமல் கேட்டார். அதுக்கு என்னட்டை மறுமொழி இருந்தது. சொல்லியிருந்தால் அவர் தன்ரை பகுதியைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போயிருப்பார், பிள்ளையின்ரை கலியாணம் அந்த இடத்திலை குழம்பியிருக்கும். நான் விழுங்கிப்போட்டு, மாப்பிள்ளையின்ரை தாயைத் திரும்பிப் பாத்தன். அந்த மனிசி, "எங்களுக்குப் பிள்ளையைத் தந்தால் காணும், ஆர் தந்தால் என்ன" எண்டாள். ஐயர் மணிக்கூட்டைப் பாத்தார், முகூர்த்தம் போகுது, மந்திரத்தைத் தொடங்கிட்டார்.

நான் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்க, அஜந்தா தண்ணி வார்த்தாள். பதட்டத்திலை செம்பு கவிண்டு சம்பந்தியின்ரை வேட்டி முழுக்க நனைஞ்சுது. லக்ஷனா சிரிச்சுப்போட்டு, பிறகு அழுதாள்.

உனக்கெண்டு போட்ட கதிரையை வெறுமையாய் வைச்சிருந்தனாங்கள் எண்டு எழுத ஆசைதான். மகாலிங்கத்தார் அதிலை ஏறி இருந்திட்டார்.

கோவம் இன்னும் ஆறேல்லை. ஆறினால் எழுதிறன்.

அக்கா

*

சார்செல்
09.10.2011

அன்புள்ள அக்காவுக்கு,

அஜந்தா வந்து சேர்ந்தாள். படங்களைப் பாத்தன். லக்ஷனா அத்தானை உரிச்சு வைச்ச மாதிரி. நீங்கள் கையைப் பிடிச்சுக் குடுக்கிற படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாக்கிறன் எண்டு அஜந்தா வையிறாள். கலியாண நேரம் இஞ்சை விடியப்பறம். நானும் லவனும் வேட்டி கட்டிக்கொண்டு ஹோலிலை நிண்டனாங்கள். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவன் "பப்பா, இப்ப முடிஞ்சிருக்கும், இருங்கோ" எண்டான். தமிழிலை சொன்னான்.

உங்கடை கோவம் ஆறவேண்டாம். அதை வைச்சிருங்கோ, எனக்கும் அது தேவை.

இஞ்சை ஒரு சின்னக் கதை. முதலாளி எனக்குப் புதுக் கத்தி வாங்கிக்கொண்டு வந்தவர். வேண்டாம் எண்டன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சார். பிறகு, மேசையிலை மனிசனுக்குத் தன்ரை எண்டு ஒண்டு இருக்கவேணும் எண்டு சொல்லி ஒரு கரண்டி தந்தார். அதே கொம்புப்பிடி. இப்ப எல்லாரும் கத்தியை விரிக்க நான் கரண்டியை எடுத்து வைக்கிறன். இறைச்சியைக் கரண்டியாலை நெரிச்சுத் தின்னுறதைப் பாத்தால் உங்களுக்கே இரக்கம் வரும்.

நேற்று ஸ்டாலின்கிராட்டிலை திரும்பவும் மறிச்சாங்கள். வேறை பெடியன், லவனைவிட நாலைஞ்சு வயசு கூட இருக்கும். பொக்கற்றைக் காட்டச் சொன்னான். காட்டினன். கரண்டியைத் தூக்கி, வெளிச்சத்திலை திருப்பித் திருப்பிப் பாத்திட்டு என்னட்டைக் கேட்டான்:

"ஏன் கரண்டி?"

அக்கா, ஒரு மனிசனுக்கு இப்பிடி ஒரு கேள்வி வாழ்க்கையிலை ஒருக்காத்தான் வரும். எனக்கு ஒண்டில்லை, நாலு மறுமொழி வந்தது. பின்னாலை வரிசையிலை சனம் நிக்குது. எனக்குத் தெரிஞ்ச முகங்களும் நிக்குது, ராதாகிருஷ்ணன் கூட நிக்கிறான். நாலாவது மறுமொழிக்கு அந்தப் பெடியனே சிரிச்சிருப்பான், அப்பிடி ஒரு மறுமொழி.

"சூப் குடிக்க, மிஸியே" எண்டன்.

அவன் கரண்டியைத் தந்தான். நான் மெர்சி சொன்னன். வேலை முடிஞ்சு ரெயினிலை சார்செல் வரும் மட்டும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. வீட்டிலை அஜந்தா "என்ன, வாய் நோகுதோ?" எண்டு கேட்டாள். ஓம், நோகுதுதான். 2013 வைகாசிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு.

அந்த நாலாவது மறுமொழியை நீங்கள் கேக்காதேங்கோ. கேட்டால் எழுதிப்போடுவன்.

தம்பி
தவம்